42 வயசுல சிலம்பம் கத்துக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 42 வயசு. திண்டுக்கல்ல ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதான். கழுத்துல இருந்து தோள்பட்டை வரைக்கும் ஒரே இறுக்கமா இருக்கு, படுத்தா லேசுல தூக்கம் வர்றதில்ல, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிஞ்சு விழறேன். என் பொண்ணு ஒரு வருஷமா சிலம்பம் கத்துக்கிறா. அவள கொண்டுபோய் விட்டுட்டு கிரவுண்டு ஓரமா உக்காந்திருப்பேன், மாஸ்டர் "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு நீங்களும் வந்து நில்லுங்கம்மா"ன்னு கூப்பிடுறார். ஆசையா இருக்கு. ஆனா இந்த வயசுல இதெல்லாம் எதுக்குன்னு மாமியார் கேக்குறாங்க. ஏற்கனவே உனக்கு கோபம் ஜாஸ்தி, கம்பு சுத்த வேற கத்துக்கிட்டா என்ன ஆகும்னு வீட்டுக்காரர் சொல்றார். நெஜமாவே உடம்புக்கும் மனசுக்கும் நல்லதா, இல்ல வாக்கிங்கே போதுமா?

பதில்: போங்கம்மா, அடுத்த கிளாஸுக்கே போய் நில்லுங்க. மாஸ்டரே கூப்பிடுறார், பொண்ணு அங்கதான் இருக்கா, உங்களுக்கும் ஆசை இருக்கு, இதுக்கு மேல என்ன வேணும்?

வயசுல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா மாமியார் சொல்றதுக்கு நேர் எதிரா இருக்கு விஷயம். 30 வயசு வாக்குல எலும்போட பலம் உச்சத்துக்கு வந்துடும், அப்புறம் மெல்ல மெல்ல இறங்கும், மாதவிலக்கு நிக்கிற சமயத்துல ஈஸ்ட்ரோஜன் குறையறதால பெண்களுக்கு அந்த இறக்கம் வேகமாயிடும். எலும்புக்கு வேலை குடுத்தாதான் அது பலமா நிக்கும், தசையும் அப்படித்தான். சிலம்பத்துல முட்டியை மடக்கி நிக்கணும், காலை மாத்தி மாத்தி வைக்கணும், கொஞ்சம் பழகினப்புறம் குதிச்சு திரும்பணும், இது எல்லாமே உங்க உடம்பு எடையை உங்க காலே தாங்குற பயிற்சி. அதனால 42ங்கிறது இதை ஆரம்பிக்க ரொம்ப சரியான வயசு.

உங்க தோள்பட்டை விஷயத்துக்கு வருவோம். கீபோர்டுல வேலை செய்யிறப்ப ரெண்டு தோளும் நமக்கே தெரியாம மேல ஏறி முன்னாடி வளைஞ்சு மணிக்கணக்கா அப்படியே நிக்குது, பின்பக்கம் தோள்பட்டை எலும்பை இழுத்துப் பிடிக்கிற தசைக்கு வேலையே கிடையாது. கம்பு சுத்துறப்ப மணிக்கட்டுல ஆரம்பிச்சு முழங்கை, தோள், முதுகு, இடுப்புன்னு எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா திரும்பும், கை தலைக்கு மேல போகும், முதுகுக்குப் பின்னாடி போகும், வலது கையில பண்ணினதை அப்படியே இடது கையிலயும் பண்ணணும். முதல் ரெண்டு வாரம் இடது கை சொல்பேச்சே கேக்காது, கம்பு பாதி சுத்துல தடுமாறி கணுக்கால்ல தட்டும், கட்டைவிரல் அடியில கொப்புளம் வரும், அதுக்கெல்லாம் பயப்படாதீங்க. கம்பை இறுக்கிப் பிடிச்சா தோளும் சேர்ந்து இறுகும், விரலை லேசா விட்டாதான் வீச்சு வரும், அந்த "விர்ர்"னு சத்தம் கேக்க ஆரம்பிச்சா பிடி சரியாயிடுச்சுன்னு வச்சுக்கோங்க. உங்க கழுத்துக்கு வேண்டியதும் அந்தத் தளர்ச்சிதான்.

மனசு பத்தி கேட்டீங்க. வாக்கிங் போறப்ப கால் பாட்டுக்கு நடக்கும், மனசு பாட்டுக்கு ஆபீஸ் கணக்குலயும் மாமியார் சொன்னதுலயும் சுத்திக்கிட்டே இருக்கும். கம்பு கையில இருக்கறப்ப அது முடியாது. முன்கால் எங்க, பின்கால் எங்க, கம்போட நுனி இப்ப எந்தப் பக்கம் வருதுன்னு பாத்துக்கிட்டே இருக்கணும், ஒரு செகண்ட் யோசனை வேற எங்கயோ போனா காதுலயோ முழங்கால்லயோ ஒரு தட்டு விழும், உடனே திரும்பி வந்துடுவீங்க. கண்ணை மூடி தியானம் பண்ண உக்காந்தா மனசு அலையுதுன்னு எழுதுற எத்தனையோ வாசகிகளுக்கு நான் இதைத்தான் சொல்றேன், அந்த ஒரு மணி நேரம் மனசுக்கு ஒரே ஒரு வேலைதான்னு ஆகிறதே பெரிய ஓய்வு. உடம்பு நல்லா களைச்சா தூக்கமும் சீக்கிரம் வரும். சாயங்கால கிளாஸ்தான் நல்லது, ராத்திரி லேட்டா வேகமா பயிற்சி பண்ணா சிலருக்கு படுத்தாலும் துடிப்பு அடங்காது.

இப்ப வீட்டுக்காரர் கேள்வி. அவர் கேட்டதுல நியாயம் இருக்கு, அதனால மழுப்பாம சொல்றேன். 1986ல ட்ரல்சன்ங்கிற ஆராய்ச்சியாளர் தப்பு வழியில போன டீன் ஏஜ் பசங்களை வச்சு அமெரிக்கால பண்ணின ஒரு ஆய்வை வெளியிட்டார். ஒரு குரூப்புக்கு டேக்வாண்டோங்கிற கொரியா தற்காப்புக் கலையை பழைய முறையில, மரியாதை, தியானம், அந்தக் கலையோட நெறிமுறை எல்லாம் சேர்த்து சொல்லிக் குடுத்தாங்க, இன்னொரு குரூப்புக்கு அடிக்கிறதும் தடுக்கிறதும் மட்டும். 6 மாசம் கழிச்சு பாத்தா முதல் குரூப்புக்கு ஆக்ரோஷம் குறைஞ்சிருந்துச்சு, ரெண்டாவது குரூப்புக்கு முன்னாடி இருந்ததை விட கூடியிருந்துச்சு. சின்ன ஆய்வுதான், ஆனா ஊர் ஊரா வாத்தியாருங்களைப் பாத்தவங்க யாருக்கும் இது ஆச்சரியமா இருக்காது. கோபம் குறையறதும் கூடறதும் சொல்லிக் குடுக்கிற ஆள் கையிலதான் இருக்கு.

அதனால மாஸ்டரை நல்லா கவனிங்க, ஒரு வருஷமா ஓரத்துல உக்காந்து பாத்திருக்கீங்க, உங்களை விட நல்லா யாருக்குத் தெரியும்? மண்ணைத் தொட்டு வணங்கி ஆரம்பிக்க வைக்கிறாரா, காலடி வரிசையை பொறுமையா திரும்பத் திரும்ப பண்ண வைக்கிறாரா, இல்ல கூட்டம் கைதட்டணும்னு வந்த மாசமே நெருப்புக் கம்பு, சுருள் வாள்னு போயிடுறாரா? தப்பு பண்ற பிள்ளையை திட்டி அவமானப்படுத்துறாரா? ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு கம்பால தொட்டு விளையாடுற தொடுமுறை பழக்கறப்ப தலைக்கவசம் போட வைக்கிறாரா? இதுல மனசுக்கு ஒப்பாத ஒண்ணு இருந்தாலும் உங்களுக்கு மட்டும் இல்ல, பொண்ணுக்கும் வேற இடம் பாருங்க.

வாக்கிங்கை விட வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி, கூடவே 2 நாளாவது தசைக்கு பலம் குடுக்கிற பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நடக்கிறவங்க பெரும்பாலும் அந்த ரெண்டாவதை விட்டுடுறாங்க. வாரம் 3 நாள் சிலம்பம், மிச்ச நாள் நடை, உங்களுக்கு அது போதும்.

ஒரு விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. கையை தலைக்கு மேல தூக்கவே முடியல, பின்னாடி ஜாக்கெட் கொக்கி போட கை எட்டலன்னா, அது வெறும் இறுக்கம் இல்லாம ஃப்ரோசன் ஷோல்டரா இருக்கலாம், 40க்கு மேல பெண்களுக்கு இது சகஜம், சுகர் இருந்தா இன்னும் ஜாஸ்தி. அப்படின்னா முதல்ல எலும்பு டாக்டரைப் பாருங்க, சுகரும் டெஸ்ட் பண்ணிக்கோங்க. கழுத்து வலி கைக்கு இறங்கி விரல் மரத்துப் போனாலும் டாக்டர்தான் முதல்ல. பிபி இருந்தா மூச்சை அடக்கிக்கிட்டு கம்பு வீசாதீங்க. தூக்கமில்லாமயும் எரிச்சலும் ரெண்டு மூணு வாரத்துக்கு மேல நீடிச்சு, எதுலயுமே பிடிப்பில்லாம போச்சுன்னா கிளாஸ் போயிட்டே மனநல டாக்டரையும் பாருங்க, சிலம்பம் அதுக்கு துணையா இருக்கும், மருந்துக்கு பதிலா ஆகாது.

தற்காப்புக்குன்னு நீங்க கேக்கல, ஆனாலும் சொல்லிடறேன். ரோட்ல யாராவது வம்புக்கு வந்தா சத்தம் போடுறது, விலகி ஓடுறது, பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்றது, இதுதான் எப்பவும் முதல்ல. பயிற்சி குடுக்கிறது என்னன்னா அந்த நேரத்துல உறைஞ்சு போய் நிக்காம கால் நகரும், குரல் வெளிய வரும்.

மாமியார்கிட்ட வாதாடாதீங்க, ஒரு நாள் கிரவுண்டுக்கு கூட்டிட்டுப் போங்க. 2024 ஜனவரில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டில சிலம்பம் டெமோ விளையாட்டா இருந்துச்சு, பேத்தி கத்துக்கிறது அவ்வளவு தூரம் போயிருக்குன்னு சொல்லுங்க, பெருமைப்படுவாங்க.

கம்பு உடனே வாங்க வேண்டாம். முதல் மாசம் மாஸ்டர்கிட்ட இருக்கிற கம்பே போதும், அப்புறம் உங்க நெத்தி உயரத்துக்கு, கணு கையில உறுத்தாம இருக்கிற மூங்கிலா அவரையே பாத்து எடுத்துத் தரச் சொல்லுங்க. புடவை, துப்பட்டா வேண்டாம், பேண்ட் டீஷர்ட் போடுங்க, மோதிரமும் வளையலும் கழட்டி வீட்டுலயே வச்சுட்டுப் போங்க.