கணைய ஆபரேஷனுக்கு அப்புறம்: என்சைம் கேப்ஸ்யூலை எப்போ போடறது, என்ன சாப்பிடறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேடம், என் அப்பாவுக்கு 61 வயசு. கணையத்துல கட்டின்னு விப்பிள் ஆபரேஷன் பண்ணி மூணு மாசம் ஆகுது. டிஸ்சார்ஜ் பண்றப்போ என்சைம் கேப்ஸ்யூல், 25,000 யூனிட், தினம் மூணு வேளைன்னு எழுதிக் கொடுத்தாங்க. சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சு கரெக்டா போட்டுக்கறார். ஆனாலும் மோஷன் வெளுத்துப் போய் எண்ணெய் மிதக்கற மாதிரி போகுது, நாத்தம் தாங்கல, எவ்ளோ தண்ணி ஊத்தினாலும் போக மாட்டேங்குது, எடையும் இறங்கிட்டே வருது. பயந்து போய் எண்ணெய், வெண்ணெய், முட்டை, பால் எல்லாத்தையும் நிறுத்திட்டோம். இன்னும் என்ன நிறுத்தணும்?

பதில்: எதையும் நிறுத்த வேண்டாம்மா, நிறுத்தினதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா திரும்பக் கொண்டு வரணும், அதுக்கு முன்னாடி அந்த அரை மணி நேரத்தைத்தான் முதல்ல மாத்தணும். விப்பிள்ல கணையத்தோட தலைப்பகுதி, சிறுகுடலோட ஆரம்பப் பகுதி, பித்தப்பை, பித்தக்குழாயில ஒரு துண்டு, சில பேருக்கு இரைப்பையோட கீழ்ப்பகுதியும் சேர்ந்து போயிடும். மிச்சம் இருக்கற கணையம், சாப்பாட்டைச் செரிக்க வைக்கற என்சைமைக் கம்மியாத்தான் சுரக்கும், அந்தக் கொஞ்சமும் சாப்பாடு வர்ற நேரத்துக்கு வந்து சேராது. இதுல முதல்ல மாட்டிக்கறது கொழுப்புதான். செரிக்காத கொழுப்பு அப்படியே வெளியே போறதைத்தான் நீங்க எண்ணெய்ன்னு பார்க்கறீங்க, எடை இறங்கறதும் பெரும்பாலும் இதனாலதான்.

கேப்ஸ்யூல் வேலை செய்யணும்னா அது சாப்பாட்டோட சேர்ந்து குடலுக்குள்ள போகணும். அரை மணி கழிச்சுப் போட்டா சாப்பாடு முன்னாடி போயிடும், மருந்து பின்னாடி தனியா போகும், இப்படிப் போட்டா போட்டதுல பாதி வீண். முதல் வாய் வைக்கறப்போ ஒண்ணு, ரெண்டு கேப்ஸ்யூல்னா தட்டுல பாதி காலியானதும் இன்னொண்ணு. பேசிக்கிட்டே மெதுவா சாப்பிடறவர்னா இப்படிப் பிரிச்சுப் போடறது ரொம்பவே முக்கியம். வெறும் வயித்துல போடறதுல அர்த்தம் இல்லை. அதனால மருந்து டப்பாவை அலமாரியில வைக்காம சாப்பிடற இடத்துலயே, தட்டுக்குப் பக்கத்துல வைங்க.

அடுத்தது அளவு. டப்பா மேல இருக்கற 10,000, 25,000 இதெல்லாம் லைப்பேஸ் யூனிட், அதாவது கொழுப்பைச் செரிக்க வைக்கற என்சைமோட அளவு. நல்லா இருக்கற கணையம் ஒரு முழுச் சாப்பாட்டுக்கே பல லட்சம் யூனிட் சுரக்கும், அதை வெச்சுப் பார்த்தா 25,000ங்கறது ரொம்பச் சின்ன அளவு. பெரியவங்களுக்கு முழுச் சாப்பாட்டுக்கு 40,000லேருந்து 50,000, நடுவுல கொறிக்கறதுக்கு 20,000லேருந்து 25,000ன்னு ஆரம்பிச்சு தேவைக்கு ஏத்த மாதிரி ஏத்தறதுதான் இப்போ வழக்கம். உச்ச வரம்புன்னு மருந்து லேபிள்ல இருக்கறது ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 2,500 யூனிட், ஒரு நாளைக்கு 10,000 யூனிட். 60 கிலோ இருக்கறவர்னா நாளைக்கு 6 லட்சம், அப்பா இருக்கற இடத்துலேருந்து அது எவ்ளோ தூரம்னு பாருங்க. அதுக்காக நீங்களா ஏத்திடாதீங்க, ஒரு வாரத்துக்கு என்ன சாப்பிட்டார், எத்தனை கேப்ஸ்யூல், மோஷன் எப்படி இருந்துச்சு, எடை எவ்ளோன்னு ஒரு நோட்டுல எழுதி எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்டக் காட்டுங்க, அதைப் பார்த்தாலே அவங்களுக்கு அளவை மாத்தறது ஈஸி.

"மூணு வேளை"ங்கற அந்த வார்த்தையாலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்கன்னு எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு. கடிகாரத்தைப் பார்த்துப் போடற மருந்து இல்லை இது, தட்டைப் பார்த்துப் போடற மருந்து. பொரிச்சது, சீஸ், கொழுப்பு அதிகமான கறின்னா கூட வேணும், லைட்டா சாப்பிட்டா கம்மியாப் போதும், பழம், பால் விடாத டீ, ஜூஸ் இதுக்கெல்லாம் பொதுவா வேண்டாம். எடை ஏறட்டும்னு குடிக்கற சத்து பானம் பார்க்கத் தண்ணி மாதிரி இருந்தாலும் அதுல கொழுப்பும் புரதமும் இருக்கு, அதுக்கும் கேப்ஸ்யூல் வேணும், இதை நிறைய வீட்டுல மறந்துடறாங்க.

கொழுப்பை ஒதுக்கிட்டா மோஷன் நல்லா ஆன மாதிரி தெரியும், ஆனா ஆபரேஷன்ல இளைச்சுப் போன உடம்புக்குக் கலோரியே கிடைக்காது. கொழுப்பைக் குறைக்காம என்சைமை ஏத்தணுங்கறதுதான் இப்போ பெரும்பாலான டாக்டர்களும் டயட்டீஷியன்களும் சொல்றது. வயிறு சீக்கிரம் ரொம்பிடும்ங்கறதால ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க, தட்டுல முட்டை, மீன், பருப்பு மாதிரி புரதத்தை முதல்ல சாப்பிடச் சொல்லுங்க, சாப்பிடறப்போ வயிறு ரொம்ப தண்ணி குடிக்க வேண்டாம். நார்ச்சத்து நல்லதுன்னு இந்த நேரத்துல அள்ளிப் போடாதீங்க, வயித்தை ரொப்பிடும், என்சைமோட வேலையையும் கொஞ்சம் கெடுக்கும்.

கேள்வி: எனக்குப் பெரிய கேப்ஸ்யூல் முழுங்க வராது. பிரிச்சு சூடான பால்ல கலந்து குடிக்கறேன். சரிதானே?

பதில்: இல்லைங்க, இதை இன்னைக்கே நிறுத்திடுங்க. கேப்ஸ்யூலைத் திறந்தா உள்ள கடுகைவிடச் சின்னதா உருண்டை உருண்டையா இருக்கும் பாருங்க, அது ஒவ்வொண்ணு மேலயும் ஒரு பூச்சு இருக்கு. இரைப்பையோட அமிலத்துல கரையாம, குடலுக்குப் போனதும் கரையற பூச்சு அது. பாலுக்கு அமிலத்தன்மை கம்மி, அதனால பூச்சு கிளாஸ்லயே கரைய ஆரம்பிச்சுடும், சூடு வேற என்சைமையே கெடுத்துடும். அதுக்குப் பதிலா சூடில்லாத ஆப்பிள் மசியல் மாதிரி புளிப்பா இருக்கறதுல ஒரு ஸ்பூன் எடுத்து, அது மேல தூவி, மெல்லாம உடனே முழுங்கி, கூடவே தண்ணி குடிச்சுடுங்க. உருண்டை வாயில தங்கினா புண்ணாகும். நசுக்கவும் கூடாது. டப்பாவை வெயில்ல நிக்கற கார்ல விட்டுட்டுப் போகாதீங்க, 25 டிகிரிக்குள்ள வைங்க.

கேள்வி: கேப்ஸ்யூல் ஆரம்பிச்சதுலேருந்து சுகர் ஏறுது. நிறுத்திடட்டுமா?

பதில்: நிறுத்தாதீங்க. முன்னாடி மாவுச்சத்துலயும் ஒரு பங்கு செரிக்காம போயிட்டு இருந்துச்சு, இப்போ உடம்புல சேருது, அதான் நம்பர் ஏறுது. சுகர் மருந்தை இதுக்கு ஏத்த மாதிரி மாத்தணும், அவ்ளோதான், சுகர் டாக்டரைப் பாருங்க. கணையம் போனதால வர்ற சுகரை டைப் 3சின்னு சொல்றாங்க, இதுல இன்சுலினோட சேர்ந்து, சுகரை ஏத்தற குளுகோகான்ங்கற ஹார்மோனும் குறையறதால லோ சுகர் ஆனா உடம்பு தானா மீள்றது கஷ்டம். இன்சுலின் போட்டுட்டு கேப்ஸ்யூலை மறந்துட்டா சாப்பிட்டது சேராது, இன்சுலின் மட்டும் வேலை செய்யும், அதுதான் ஆபத்து. குளுக்கோஸ் எப்பவும் கையோட இருக்கட்டும்.

கேள்வி: இது பன்றியிலேருந்து எடுக்கறதாமே? எங்க வீட்டுல இது ரொம்ப சங்கடமா இருக்கு. செடியிலேருந்து எடுத்த என்சைம் போதாதா?

பதில்: ஆமாங்க, பன்றிக் கணையத்துலேருந்துதான் எடுக்கறாங்க, இதை ஆஸ்பத்திரியிலயே முன்கூட்டி சொல்லியிருக்கணும், சொல்லாம விடறது தப்புன்னுதான் நான் நினைக்கறேன். செடி, பூஞ்சை என்சைம்னு தனியா விக்கறதெல்லாம் கணைய ஆபரேஷன் ஆனவங்களுக்கு இதுக்கு ஈடுன்னு நிரூபணம் ஆகலை. வேற வழியில்லாத மருந்துக்குப் பல மார்க்கத்துலயும் விலக்கு உண்டு, நீங்க மதிக்கற பெரியவர்கிட்ட மனசு விட்டுப் பேசுங்க, ஆனா பேசி முடிவாகற வரைக்கும் டாக்டர்கிட்டச் சொல்லாம மருந்தை விட்டுடாதீங்க.

கேள்வி: அளவை ரெண்டு தடவை ஏத்தியாச்சு, சரியான நேரத்துலதான் போடறேன், இன்னும் வயித்துப்போக்கு நிக்கலை. இதுக்கு மேல என்ன?

பதில்: அப்போ என்சைமைத் தாண்டி யோசிக்கணும். கணையத்துலேருந்து வர்ற, அமிலத்தைத் தணிக்கற பைகார்பனேட்டும் இப்போ கம்மி, குடல்ல அமிலம் கூடினா அந்தப் பூச்சு கரையாது, அதனால அமிலத்தைக் குறைக்கற மாத்திரையைச் சேர்த்துப் பார்ப்பாங்க. ஆபரேஷன் ஆன குடல்ல பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகியிருக்கலாம், பித்த அமிலம் சரியா உறிஞ்சாம இருக்கலாம், ரெண்டுக்குமே தனித்தனி வைத்தியம் இருக்கு. கூடவே ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள், பி12, இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம் எல்லாத்துக்கும் ரத்த டெஸ்ட் கேளுங்க, எலும்பு அடர்த்தி ஸ்கேனும் கேளுங்க. ராத்திரியில கண்ணு மங்கறது, லேசா இடிச்சாலே ரத்தம் கட்டறது, எலும்பு வலி, இதெல்லாம் சத்து சேராததோட அடையாளமா இருக்கலாம். காய்ச்சல், மஞ்சள் காமாலை, கருப்பா மோஷன், நிக்காத வாந்தி இருந்தா டெஸ்ட் வரட்டும்னு காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. கிருமியை எதிர்க்க உதவற மண்ணீரலையும் எடுத்திருந்தா காய்ச்சலை ஒரு ராத்திரிகூடத் தள்ளிப் போடக் கூடாது, அதுக்கான தடுப்பூசியெல்லாம் போட்டாச்சான்னு சர்ஜன்கிட்ட இந்தத் தடவையே கேட்டுடுங்க.