பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட பத்திரம் விவாகரத்து ஆகுமா?

வாசகர் சட்டக் கேள்விகள்: ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வந்தவை

எனக்கும் கணவருக்கும் ஒத்துவரவில்லை. 2 வருஷத்துக்கு முன் ஊர்க் கூட்டத்தில், 100 ரூபாய் பத்திரத்தில் ‘இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம், இனி ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கினார்கள். பெரியவர்கள் பத்துப் பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது அவருக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். 6 வயதில் எனக்கு மகள் இருக்கிறாள். நான் எதுவும் கேட்க முடியாதா?
— வாசகி, மண்டபம்

அந்தப் பத்திரத்தால் உங்கள் திருமணம் முறியவில்லை. சட்டப்படி இன்றும் நீங்கள்தான் அவர் மனைவி. இந்து திருமணச் சட்டம் 29(2) பிரிவு வழக்காற்று மணமுறிவை ஏற்கிறதே என்று யாராவது கிளப்புவார்கள். ஏற்கிறதுதான். ஆனால் அப்படியொரு வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இடைவிடாமல் இருந்துவருகிறது என்பதை, அதைச் சொல்கிறவர் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். பத்துப் பேர் கூடி ஒத்துக்கொண்டது அதற்குப் போதாது. இந்த நிலையில் அவர் மறுமணம் செய்தால் அது செல்லாது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமும்கூட. பெண் கொடுக்க இருக்கும் வீட்டார் காதில் இதைப் போட்டுவைப்பது நல்லது.

ஜீவனாம்சம் கேட்கலாம். ‘கேட்க மாட்டேன்’ என்று எழுதித் தந்தது சட்டம் தரும் உரிமையைப் பறிக்காது. மகளுக்குரியதை விட்டுக்கொடுக்க உங்களுக்கே அதிகாரம் கிடையாது. ஆனால் அதே பத்திரத்தில் உள்ள ‘இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம்’ என்ற வரி உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஜீவனாம்சம் பற்றிய, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாகிவிட்டது. பரஸ்பர சம்மதத்தில் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று அதன் 4-ஆம் உட்பிரிவு சொல்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போவது அந்த வரியைத்தான். எனவே வீட்டைவிட்டு ஏன் வெளியேறினீர்கள், கூட்டத்தில் யார் என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை மனுவிலேயே எழுதுங்கள். பிறகு சாட்சிக் கூண்டில் சொன்னால் ‘இப்போது ஜோடித்தது’ என்பார்கள். மகளின் கோரிக்கையை இந்த வரி தொடாது.

இருவருக்குமே பிரிவதில் சம்மதம் என்றால் இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் கூட்டு மனு போடுங்கள். ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். அதற்கு அந்த ஊர்ப் பத்திரத்தின் தேதியே சான்றாக உதவும். மனு போட்டபின் 6 மாதக் காத்திருப்பு உண்டு. ஏற்கெனவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்து, சமரசம் தோற்று, பணம், நகை, பிள்ளை எல்லாம் பேசி முடித்திருந்தால் அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யும்படி கேட்கலாம். உச்ச நீதிமன்றம் 2017-இல் இதற்கு வழிவிட்டது. தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம் என்பதால், முழுப் பணத்தையும் முதல் வாய்தாவிலேயே கைமாற்ற வேண்டாம். பாதி அன்று, பாதி கடைசி வாய்தாவில், டிமாண்ட் டிராஃப்டாக. நகைப் பட்டியலைக் கிராம் கணக்கோடு மனுவில் சேருங்கள்.

கணவர் விசைப்படகில் பங்குக்கு (சம்பளமில்லை, மீன் விற்ற பணத்தில் பங்கு) போகிறார். கோர்ட்டில் ‘எனக்கு வருமானமே இல்லை’ என்கிறார். சம்பளச் சீட்டு இல்லாதவரின் வருமானத்தை எப்படிக் காட்டுவது? நான் கடல்பாசி எடுக்கப் போவதால் எனக்குக் கிடைக்காது என்றும் சொல்கிறார்கள்.
— வாசகி, ராமேஸ்வரம்

உடம்பில் தெம்புள்ள ஆண் ‘வருமானமில்லை’ என்று சொல்லிக் கைவிரிப்பதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. என்றாலும் தொகை உயர்வது நீங்கள் காட்டும் ஆவணத்தைப் பொறுத்தது.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். அவர் செய்யாவிட்டால் உங்கள் வக்கீல் அதை ஒவ்வொரு வாய்தாவிலும் கேட்டுக் குறிப்பில் ஏற்ற வேண்டும். அவர் போகும் படகின் பதிவெண், உரிமையாளர் பெயர், மீன் எடுக்கும் வியாபாரி பெயர் மூன்றையும் மனுவில் எழுதுங்கள். கடலுக்குப் போகும் நாளில் மீன்வளத் துறை தரும் டோக்கன், மானிய டீசல் கணக்கு இரண்டும் படகு எத்தனை நாள் போனது என்று காட்டும். இவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் ‘மூன்றாம் நபர் விவரம்’ என்று மறுக்க வாய்ப்புண்டு. ஆவணத்தை வரவழைக்கக் கோர்ட்டிலேயே மனுப் போடுவதுதான் நேர்வழி. உரிமையாளரையோ வியாபாரியையோ சாட்சியாக அழைத்து ஒரு தங்கலுக்கு (ஒருமுறை கடலில் தங்கி மீன்பிடித்து வருவதற்கு) ஒரு பங்கு எவ்வளவு என்று கேட்கலாம். முன்பு அவர் உங்களுக்குக் கைபேசி வழியே அனுப்பிய பணம், வாட்ஸ்ஆப் குரல் பதிவு எல்லாம் செல்லும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆவணச் சான்று இணைக்க வேண்டும். அது இல்லாத ஸ்கிரீன்ஷாட்டை எதிர்த்தரப்பு உடனே ஆட்சேபிக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வழக்கு அப்போது விசாரணைக்கு வந்தால் ‘படகு கரையில் நிற்கிறது’ என்பார். ஆண்டு வருமானத்தை 12-ஆல் வகுத்து மாதத் தொகை கேளுங்கள்.

பாசி வருமானத்தை மறைக்க வேண்டாம். உங்கள் பிரமாணப் பத்திரத்தில் உள்ளபடி எழுதுங்கள். சிறு வருமானம் ஜீவனாம்சத்துக்குத் தடையல்ல. மறைத்தது பிடிபட்டால் மற்ற எதையும் நம்பமாட்டார்கள்.

இடைக்கால ஜீவனாம்சம் தனியாகக் கேளுங்கள். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும், ஆனால் கேட்காதவருக்கு அதுவும் இல்லை. உத்தரவு வந்தபின் பலர் கோட்டை விடுவது ஓரிடத்தில்: பாக்கித் தொகைக்கு வாரண்ட் கேட்கும் மனுவை, தொகை தரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். ‘தருகிறேன், தருகிறேன்’ என்று 14 மாதம் இழுத்தால் முதல் இரண்டு மாதப் பாக்கி இந்த வழியில் கைநழுவும். அவர் ஜெயிலுக்குப் போனாலும் கடன் தீராது.

கணவர் துபாயில். 3 வருஷமாகப் பணமும் இல்லை, பேச்சும் இல்லை. ஜமாத்தில் குலா சான்றிதழ் வாங்கிவிட்டால் மறுமணம் செய்யலாமா?
— வாசகி, கீழக்கரை

அது மட்டும் போதாது. குலா, அதாவது மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு, உங்கள் உரிமை, ஆனால் தனியார் அமைப்பு தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்பநல நீதிமன்றம்தான் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. உங்களுக்கு இன்னும் நேரான வழி இருக்கிறது. 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில், 2 ஆண்டு பராமரிக்காமல் விட்டதே தனிக் காரணம். ஜமாத் நிக்காஹ் பதிவேட்டின் நகலை முதலில் வாங்குங்கள். மஹர் (மணமகன் மனைவிக்குத் தர ஒப்புக்கொண்ட) தொகையும் அதில் இருக்கும். அவருடைய கம்பெனி பெயர், கடைசி விலாசம், ஈமெயில், வாட்ஸ்ஆப் எண் கொடுத்து, சம்மனை அந்த வழியில் அனுப்பத் தனி மனுப் போட்டு அனுமதி வாங்குங்கள். அனுமதியில்லாமல் நீங்களே வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் சம்மன் சேர்ந்ததாகக் கணக்கில்லை.

அவரும் சம்மதித்தால் முபாராத் (இருவரும் ஒத்துப் பிரிவது) அடிப்படையில் சேர்ந்து மனுப் போடலாம். அவர் சார்பில் இங்கே வேறொருவர் வழக்கை நடத்துவதானால், அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றிட்ட பவர் பத்திரம் ஊருக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். பெட்டியில் வைத்து மறந்துவிட்டு வழக்கு நாளில் தேடுகிறார்கள்.

சர்ச் தீர்ப்பாயம் என் திருமணத்தை ரத்து செய்துவிட்டது. கோர்ட் தேவையா?
— வாசகர், தங்கச்சிமடம்

தேவை. அந்த ஆணை திருச்சபைக்குள் மட்டும். 2017-இல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில்தான் மனுப் போட வேண்டும். பரஸ்பர சம்மதம் என்றால் 10ஏ பிரிவு; அதில் எழுதியிருப்பது 2 ஆண்டுப் பிரிவு.

தங்கை இறந்துவிட்டாள். அவளுடைய 6 வயது மகனை நாங்கள் வளர்க்கிறோம். அவன் அப்பாவும் சம்மதித்து நோட்டரி முன் எழுதித் தந்துவிட்டார். எங்களுக்கு 9 வயதில் ஒரு மகன் உண்டு. பள்ளிக்கூடத்தில் தத்துப் பத்திரம் கேட்கிறார்கள்.
— வாசகி, தேவிபட்டினம்

நோட்டரி பத்திரம் தத்து அல்ல. நீங்கள் இந்து என்றால், 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின் வழியும் உங்களுக்கு அடைத்திருக்கிறது: மகன் உயிரோடு இருக்கும்போது இன்னொரு ஆண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகியும் பின்னாளில் சொத்து வழக்கில் தத்து விழுந்துபோவது இந்தக் காரணத்தால்தான்.

உங்களுக்கான வழி 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 56(2) பிரிவு, உறவினர் தத்தெடுப்பு. எந்த மதத்தவருக்கும் பொருந்தும்; சொந்த மகன் இருப்பது தடையல்ல. ‘உறவினர்’ என்றால் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, இருபக்கத் தாத்தா பாட்டி. நீங்கள் பெரியம்மா, பட்டியலில் இருக்கிறீர்கள். அக்கா தன் தம்பியைத் தத்தெடுக்க இந்தப் பிரிவில் இடமில்லை.

நீங்களும் கணவரும் சேர்ந்து மத்திய தத்தெடுப்பு இணையதளத்தில் உறவினர் பிரிவில் பதியுங்கள். தங்கையின் இறப்புச் சான்றிதழ், சிறுவனின் பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் சம்மதப் படிவம், உங்கள் திருமண, வருமான, மருத்துவச் சான்றுகள், பிரமாணப் பத்திரம் வேண்டும். 5 வயது நிரம்பியதால் சிறுவனின் சம்மதமும் வேண்டும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகக் கலெக்டருக்குப் போகும். 2022 செப்டம்பர் முதல் ஆணை தருவது கோர்ட் அல்ல, கலெக்டர்தான். 2 மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். கோப்பு நிற்பது பெரும்பாலும் பெயர் எழுத்துப் பிழையில்: ஆதாரில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

தத்துக்கு முன்பே தாசில்தாரிடம் தங்கைக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். அம்மா வழியில் சிறுவனுக்குச் சேர்ந்த பங்கு தத்துக்குப் பிறகும் அவனுடையதே. பள்ளிச் சேர்க்கை மட்டும்தான் அவசரம் என்றால், அப்பா எழுதித் தரும் அதிகாரக் கடிதத்தைக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் போதும்.

4 வயது மகளை அங்கன்வாடியிலிருந்து கணவர் தூத்துக்குடிக்குத் தூக்கிப்போய்விட்டார். போலீஸில் ‘குடும்ப விஷயம்’ என்கிறார்கள்.
— வாசகி, உச்சிப்புளி

தூத்துக்குடிக்கு அலைய வேண்டாம். குழந்தை வழக்கமாக வசித்த இடத்துக் கோர்ட்டுக்கே அதிகாரம் என்கிறது 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். உங்களுக்கு அது ராமநாதபுரம். அங்கன்வாடி வருகைப் பதிவேடு, தடுப்பூசி அட்டை, ரேஷன் கார்டு மூன்றும் வசிப்பிடத்தைக் காட்டும். இந்துக்களுக்கு 5 வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. வீட்டில் வன்முறையும் நடந்திருந்தால் குடும்ப வன்முறைச் சட்டம் 21-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் தற்காலிகப் பொறுப்பு கேட்கலாம். அவசரம் மிகுந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு (குழந்தையைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்பது). நாள் கடத்தாதீர்கள்: அங்கே பள்ளியில் சேர்த்து ஒரு வருஷம் ஓடிவிட்டால் ‘குழந்தை பழகிவிட்டது’ என்ற வாதம் பலமாகிவிடும்.

கணவர் குழந்தையைப் பார்ப்பதற்குக் கோர்ட் உத்தரவு போடும்போது ‘பார்க்கலாம்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் கொண்டுவந்து விடுவது எல்லாம் வேண்டும்.

வக்கீல் செலவு பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், 15100-க்கு அழைக்கலாம். போகும்போது அடையாள அட்டை, திருமணப் பத்திரிகை அல்லது புகைப்படம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஊரில் எழுதிய பத்திரம் இருந்தால் அதன் நகல். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.