அலுமினிய ஜன்னல் செக்ஷன்களை மாதக்கணக்கில் எடுத்து வைப்பது எப்படி?

கேள்வி: வீட்டு வேலை தொடங்கும்போதே ஜன்னலுக்கான அலுமினிய செக்ஷன்களை (சட்டம் செய்ய வெட்டும் நீளமான துண்டுகளை) வாங்கி மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்தோம். நான்கு மாதம் கழித்துப் பிரித்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அலுமினியம்தான் துருப்பிடிக்காதே, இது எப்படி நடந்தது?

பதில்: கிருஷ்ணகிரியில் 18 ஆண்டுகளாக அலுமினியக் கதவு, ஜன்னல் செய்து மாட்டுகிறேன். "துருப்பிடிக்காது" என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பலரும் இந்தப் பொருளைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

காற்றுப் பட்ட உடனே அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். அதுதான் அதற்குக் கவசம். மழையில் நனைந்து அன்றைக்கே காய்ந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் இரண்டு செக்ஷன்கள் ஒட்டிக் கிடக்கும் இடுக்கில் தண்ணீர் இறங்கினால் அது வெளியேற வழியில்லை, உள்ளே காற்றோட்டமும் இல்லை. அந்த இடத்தில் மட்டும் படலம் தாறுமாறாகத் தடித்து வெள்ளையாக, சாம்பலாகப் பூக்கும்.

கடை தொடங்கிய புதிதில் எனக்கே இது நடந்தது. 12 அடி நீளத்தில் பூச்சு இல்லாத செக்ஷன்கள் 40 வந்திறங்கின. ஐப்பசி மழை. நனையக்கூடாதே என்று பாலித்தீன் தாளால் இறுகச் சுற்றிச் சுவரோரம் கிடத்தினேன். தை மாதம் உறையைக் கிழித்தபோது உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் என் காலில் கொட்டியது. ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்த பக்கங்களில் மட்டும் வரைபடம் போலச் சாம்பல் திட்டுகள். தொடாத பக்கம் கண்ணாடியாக மின்னியது. சோப்பு, துணி எதற்கும் கறை அசையவில்லை. அனோடைஸ் செய்கிறவர், அதாவது மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கித் தருகிறவர், ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "கறை அடியில் தெரியும்" என்று அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து நான் பாலித்தீனால் இறுகச் சுற்றுவதே இல்லை. தரையிலிருந்து அரை அடி உயரத்தில் காய்ந்த மரக்கட்டைகளைப் போட்டு, மூன்றடிக்கு ஒரு கட்டை வீதம் தாங்கலாக அடுக்குகிறேன். பச்சை மரம் கூடாது, அதிலேயே ஈரம் இருக்கும். அடுக்குக்கு அடுக்கு மெல்லிய மரச்சட்டம் வைத்தால் நடுவில் காற்று போகும். ஒரு முனையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் தண்ணீர் பட்டாலும் வடிந்துவிடும். மேலே தார்ப்பாயைத் தளர்வாகப் போட்டால் போதும்.

மார்கழியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓசூர்ப் பக்கம் இரவுக் குளிரில் லாரியில் வந்த சரக்கை விடியற்காலையில் கதகதப்பான குடோனுக்குள் இறக்கினால், குளிர்ந்த நீர் ஊற்றிய சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல உலோகம் வியர்க்கும். குடோனின் சூட்டுக்குச் சரக்கு வரும்வரை அதன் கட்டைப் பிரிக்காதீர்கள். ஈரம் தெரிந்தால் அன்றைக்கே தனித்தனியாகப் பிரித்து மின்விசிறிக் காற்றில் காய வைத்துவிட வேண்டும்.

மாடிப்படிக்குக் கீழே என்றால் பக்கத்திலேயே சிமெண்ட் மூட்டைகளும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஈரச் சிமெண்டும் சுண்ணாம்பும் கடுமையான காரம். ஆக்சைடு படலத்தையே அரித்துவிடும். ஜன்னல் சட்டத்தில் பூச்சுக்கலவை தெறித்தால் காய்வதற்குள் தண்ணீரால் கழுவுங்கள். காய்ந்த பிறகு சுரண்டினால் அடியில் வெந்த தழும்புதான் மிஞ்சும்.

அதைவிட எனக்கு வயிறு எரிவது ஆசிட்டைப் பார்த்தால்தான். எல்லா வேலையும் முடிந்து, குடிபோவதற்கு முந்தைய வாரம் டைல்ஸ் கழுவ ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். அது வழிந்து ஜன்னலின் கீழ் டிராக்கில் (கதவு நகரும் பள்ளத்தில்) தேங்குகிறது. பால்கனிக் கதவு ஒன்றின் டிராக் முழுவதும் இப்படிப் பொரிந்துபோய், புதிதாக மாற்ற வேண்டியதாயிற்று. ஆசிட் கழுவல் தவிர்க்க முடியாதென்றால் ஜன்னல் மாட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இரும்பு கேட்டுக்கு கிரைண்டர் பிடிக்கும் இடத்திலிருந்தும் செக்ஷன்களைத் தள்ளி வையுங்கள். பறக்கும் இரும்புப் பொறி மேலே பதிந்து, இரண்டு மழைக்குப் பிறகு பழுப்புப் புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். அலுமினியமே துருப்பிடித்ததாக வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். நம் ஊரில் வாசற்படிக்கு கிரானைட் அறுக்காத வீடில்லை. அந்தத் தூள் படிந்த செக்ஷனை உலர்ந்த துணியால் துடைத்தால் பவுடர் கோட்டிங் (வண்ணப் பொடியைச் சுட்டு ஏற்றிய பூச்சு) முழுவதும் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூளை ஓடவிடுங்கள்.

எடுக்கும்போது அடுக்கிலிருந்து உருவக்கூடாது. எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் ஓர் ஆளே இழுத்துவிடுகிறார். கீறல் அங்கேதான் விழுகிறது. இரண்டு பேர் இரு முனையையும் பிடித்துத் தூக்க வேண்டும். மேலே ஒட்டி வரும் பாதுகாப்புத் தாளையும் வெயிலில் மாதக்கணக்கில் விடாதீர்கள், பசை இறுகி உரிக்கவே வராது.

மாட்டிய பிறகு மென்மையான சோப்புத் தண்ணீரே போதும். நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்பாக இருப்பதால் கழுவியதும் துடைத்துவிடுங்கள். கீழ் டிராக்கில் தண்ணீர் வடியும் துளைகளை மழைக்கு முன் குத்திவிடுங்கள்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் சரக்குக்கு வருகிறேன். கறை மேல் விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் மேலோட்டமானது. பூச்சு இல்லாத செக்ஷன் என்றால் மெருகேற்றி எடுத்துவிடலாம். சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் உலோகத்தையே தின்றிருக்கிறது. அதைக் கண்ணில் படாத உள்பக்கத் துண்டுகளுக்கு வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.