பழைய செங்கல் ஃபயர்பிளேஸை இடிக்காமல் புதுசு போல ஆக்க முடியுமா?

முடியும். டொராண்டோ பக்கத்தில் நாங்கள் வாங்கிய வீடு 1974-இல் கட்டியது. ஹாலின் ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, ஆரஞ்சும் பழுப்பும் கலந்த செங்கல். நடுவில் பித்தளைச் சட்டம் போட்ட கண்ணாடிக் கதவு. நடுப்பகலிலும் லைட் போட வேண்டியிருந்தது. டைல்ஸ் ஒட்டுங்கள் என்றார்கள், வெள்ளை பெயிண்ட் அடியுங்கள் என்றார்கள். நாங்கள் சுண்ணாம்பு அடித்தோம். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன்.

பெயிண்ட் செங்கல்லின் மேல் தோல் போலப் படிந்து துளைகளை அடைத்துவிடும். புகைக்கூண்டு வழியாக ஈரம் இறங்கினால் உரிந்து வரும். பிறகு மனசு மாறினாலும் அதை முழுசாகச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. சுண்ணாம்பு அப்படியில்லை. செங்கல்லுக்குள் ஊறி, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும். ஈரம் வெளியேறவும் வழி இருக்கும்.

முதலில் செங்கல்லில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உறிஞ்சிக் கறுத்தால் சரி. முத்து முத்தாக உருண்டு வழிந்தால் ஏற்கெனவே வார்னிஷோ பெயிண்டோ அடித்திருக்கிறார்கள். அதன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. தீ எரியும் வாய்க்கு மேலே படிந்திருக்கும் கரியை டிஎஸ்பி (ட்ரைசோடியம் பாஸ்பேட் என்னும் கழுவும் தூள்) கரைசலில் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். கழுவும்போதும் அடிக்கும்போதும் கையுறை, கண்ணாடி கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும்.

இங்கே கடையில் லைம்வாஷ் என்று டப்பாவில் விற்கிறார்கள். திறந்ததுமே எனக்குப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வாசனை. ஊரில் முதல் நாளே சுண்ணாம்பை நீற்றிவைத்து, கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையால் அப்பா அடிப்பார். அடித்தவுடன் சுவர் வெறும் ஈரமாகத்தான் தெரியும். "அவசரப்படாதே, காயட்டும்" என்பார். இங்கேயும் அதே கதை. செங்கல்லை நனைத்துக்கொண்டு, பால் பதத்துக்குக் கரைத்து, அகலமான பிரஷ்ஷால் அடித்தேன். ஒன்றுமே ஒட்டாத மாதிரி இருந்தது. என் மனைவி இன்னொரு கை அடிக்கச் சொன்னாள். நல்லவேளை, பொறுத்தோம். மறுநாள் காலையில் வெளுத்திருந்தது, அடியில் செங்கல்லின் சிவப்பு மங்கலாகத் தெரிய. ஒரு கையோடு நிறுத்திவிட்டோம். அறை அவ்வளவு வெளிச்சமாகிவிட்டது.

தீ எரியும் உள்பக்கத்தில் சுண்ணாம்பு வேண்டாம். கூட்டித் துடைத்தால் போதும். பித்தளைச் சட்டத்தைக் கழற்றி வெளியே கொண்டுபோய், லேசாக உப்புத்தாள் போட்டு, சூடு தாங்கும் கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். பாதிப் பழமை அதிலேயே போய்விட்டது.

மேலே மரப்பலகை வைக்க ஆசைப்பட்டால் அளவில் கவனம் தேவை. விறகு எரிக்கும் ஃபயர்பிளேஸ் என்றால் வாயிலிருந்து 150 மி.மீ.க்குள் மரமே இருக்கக் கூடாது. 38 மி.மீ.க்கு மேல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை, வாய்க்கு மேலே குறைந்தது 300 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். கனடாவின் கட்டட விதி இது. உங்கள் ஊர் விதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பல வருஷம் எரிக்காமல் கிடந்தது என்றால் புகைக்கூண்டைச் சோதித்துச் சுத்தம் செய்த பிறகே விறகு வையுங்கள். இங்கே வெட் (WETT) சான்றிதழ், அதாவது விறகு அடுப்பு, புகைக்கூண்டுகளைச் சோதிக்கப் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழ், உள்ளவரைக் கூப்பிட்டோம்; இன்ஷூரன்ஸுக்கும் அந்த அறிக்கை தேவைப்பட்டது.