சூரிய வெந்நீரில் சூடாகும் டென்மார்க் ஊர்கள்: கேள்வி பதில்

டென்மார்க்கில் பல ஊர்களில் வெந்நீரை ஒரே இடத்தில் காய்ச்சிக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். வீட்டைக் கதகதப்பாக்கவும் அதுதான், குளிக்கவும் அதுதான். அந்த வெந்நீரில் சூரியனின் பங்கு பற்றி வந்த கேள்விகள் இவை.

கவிதா: சில்க்கபோர் ஊரின் சூரிய நிலையம் 110 மெகாவாட் என்கிறார்களே சார், அவ்வளவு பெரியதா?

பெரியதுதான். ஆனால் அது மின்சாரம் அல்ல, நல்ல வெயிலில் கிடைக்கும் உச்ச வெப்பம். வெயிலில் நீரைச் சூடாக்கும் தகடுகள் மொத்தம் 1,56,694 சதுர மீட்டர். ஆண்டுக்கு எதிர்பார்த்தது சுமார் 80,000 மெகாவாட் மணி. வகுத்துப் பாருங்கள், முழு வேகத்தில் ஓடினால் முப்பது நாள் வேலைதான். சதுர மீட்டருக்கு 510 யூனிட் வருகிறது. எந்த நிலையமானாலும் நான் மெகாவாட்டை விட்டுவிட்டு இந்த எண்ணைத்தான் கேட்பேன். அந்த நாட்டில் 400 முதல் 500 வந்தாலே நல்ல விளைச்சல்.

ரஃபீக்: ஒரே அளவு வெயில் பெறும் இரண்டு ஊர்களில் விளைச்சல் ஏன் மாறுகிறது?

வீடுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீரைப் பாருங்கள். அதைத்தான் தகடு மறுபடி சூடாக்க வேண்டும். 40 டிகிரியில் வந்தால் தகட்டுக்குக் கொண்டாட்டம், 55-ல் வந்தால் திண்டாட்டம். தகடு வெளிக்காற்றைவிட எவ்வளவு சூடாக இருக்கிறதோ அந்த அளவுக்கு வெப்பம் வெளியே போகும். 10 டிகிரி கூடினால் சதுர மீட்டருக்குச் சுமார் 30 வாட் போச்சு. சுள்ளென்று 800 வாட் வெயில் விழும்போது இது தெரியாது. மேகமூட்டத்தில் 300 வாட்தான் விழுகிறது என்றால் நன்றாகவே உறைக்கும். இன்னும் நாலு வரிசை தகடு போடுவதற்கு முன், எந்த வீட்டில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் வால்வு பழுதாகித் தண்ணீரை ஆறவிடாமல் திருப்பி அனுப்புகிறது என்று தேடச் சொல்வேன். செலவும் குறைவு.

செல்வி: முன்வரிசையின் நிழல் பின்வரிசையில் விழாதா?

விழும். டிசம்பர் நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் 11 டிகிரிதான் ஏறும். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஐந்து மீட்டர் நிழல். டிசம்பரில் கிடைப்பதே சொற்பம், அதற்காக வரிசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு யாரும் நிலத்தை வீணாக்குவதில்லை.

முருகன்: கோடை வெப்பத்தைக் குளிர்காலம் வரை வைத்திருக்க முடியுமா?

முடியும். ட்ரோனிங்லுண்ட் ஊரில் 60,000 கன மீட்டர் குளம் வெட்டி, தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, மேலே வெப்பம் போகாத மூடியை மிதக்க விட்டிருக்கிறார்கள். வோயன்ஸ் ஊரில் குளம் 2 லட்சம் கன மீட்டர். வெப்பம் தேங்குவது கொள்ளளவில், கசிவது மேற்பரப்பில்; அதனால் குளம் பெரிதாகப் பெரிதாக இழப்பின் பங்கு குறையும். சூடான நீர் மேலே, ஆறியது அடியில். அடித்தண்ணீரை, வெதுவெதுப்பான நீரிலிருந்தும் வெப்பத்தை உறிஞ்சும் ஹீட் பம்ப் இயந்திரம் இன்னும் குளிர வைத்துவிட்டால், ரஃபீக்குக்குச் சொன்ன அதே லாபம் தகட்டுக்குக் கிடைக்கும். குளம் உள்ள ட்ரோனிங்லுண்டில் தேவையில் சுமார் 40 சதவீதம் சூரியனால் கிடைக்கிறது. சில்க்கபோரில் போட்ட கணக்கு 20.

ஜெயா: குளம் இல்லாத ஊரில் ஜூலை வெப்பம் மிஞ்சினால்?

வெந்நீர் சேர்த்து வைக்கும் தொட்டி நிரம்பிவிட்டால், பகலில் சேர்த்த வெப்பத்தை இரவில் அதே தகடுகள் வழியே வெளியேற்றி ஆற வைப்பார்கள். இல்லாவிட்டால் மறுநாள் தகட்டுக்குள் இருக்கும் திரவம் கொதித்துவிடும்.