தியாரோயில் அவர்கள் கேட்டது சம்பளப் பாக்கி

கேள்வி: 1944-இல், அன்று பிரெஞ்சுக் காலனியாக இருந்த செனகலின் தியாரோய் முகாமில் ஆப்பிரிக்க வீரர்களை பிரான்ஸ் சுட்டதைப் படுகொலை என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். ஜெனரலின் காரையே மறித்துக் கலகம் செய்தவர்கள் அவர்கள். போர்க்காலத்தில் எந்த ராணுவம் அதைப் பொறுத்துக்கொள்ளும்? எண்பது வருஷம் கழித்து அதைக் கிளறுவது எதற்கு? - ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அந்த மனிதர்கள் தியாரோய்க்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது உங்கள் கேள்வியில் இல்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது ஜெர்மானியரிடம் சிக்கியவர்களில் ஆப்பிரிக்கக் காலனிகளின் வீரர்கள் பல்லாயிரம் பேர். செனகல், மாலி, கினியா, இன்றைய புர்கினா பாசோ என்று ஊர் எதுவானாலும் படையில் அவர்கள் எல்லோருக்கும் ‘செனகல் துப்பாக்கி வீரர்கள்’ என்றுதான் பெயர். லியோன் நகருக்குப் பக்கத்தில் ஷாஸ்லே என்ற ஊரில், சரணடைந்தவர்களில் ஆப்பிரிக்கர்களைத் தனியே பிரித்து ஜெர்மானியர் கொன்றார்கள். பிழைத்த கறுப்பர்களைத் தங்கள் மண்ணில் வைத்திருக்க விரும்பாமல், பிரான்ஸிலேயே முகாம்களில் அடைத்தார்கள். நான்கு வருஷம் காடு வெட்டுவதும் வயல் வேலையுமாகக் கழிந்தது. 1943 முதல் சில முகாம்களில் ஜெர்மானியருக்குப் பதிலாகக் காவலுக்கு வந்தவர்கள் பிரெஞ்சு அதிகாரிகள். எந்த நாட்டுக்காகச் சண்டையிட்டுப் பிடிபட்டார்களோ, அந்த நாட்டின் அதிகாரிகளே அவர்களைக் காவல் காத்தார்கள். பிறகு செனகலின் முதல் ஜனாதிபதியான செங்கோரும் அந்த முகாம்களில் இருந்தவர்தான்.

1944-இல் விடுதலை வந்தது. இவர்களை ஊருக்கு அனுப்புவதென்று முடிவானது. சிறையிலிருந்த காலத்துக்கான சம்பளத்தில் கால் பங்கு பிரான்ஸிலும், மீதி முக்கால் பங்கு ஊர் போய் இறங்கியதும் தரப்பட வேண்டும். இது பிரெஞ்சு நிர்வாகமே எழுத்தில் போட்ட உத்தரவு. வீரர்கள் கற்பனை செய்துகொண்ட உரிமை அல்ல. பிரான்ஸின் பிரிட்டனி கரையிலுள்ள மோர்லே துறைமுகத்தில் சுமார் முந்நூறு பேர், பணம் கைக்கு வராமல் கப்பல் ஏற மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது, அவர்கள் எச்சரிக்கையாக இருந்தது எவ்வளவு சரி என்று தோன்றுகிறது. மற்றவர்கள் நவம்பர் 5-ஆம் தேதி ‘சர்காசியா’ என்ற பிரிட்டிஷ் கப்பலில் ஏறி, மொராக்கோவின் காசாபிளாங்கா வழியாக 21-ஆம் தேதி செனகலின் டக்கார் நகரில் இறங்கினார்கள். அங்கிருந்து நேரே நகருக்கு வெளியே தியாரோய் முகாம்.

அங்கே அவர்கள் கேட்டது சம்பளப் பாக்கி. 28-ஆம் தேதி ஐந்நூறு பேரை இன்றைய மாலியிலுள்ள பமாகோவுக்கு ரயிலேறச் சொன்னபோது, பணம் தராமல் போக மாட்டோம் என்றார்கள். ஆளுக்கொரு ஊராகப் பிரிந்து போய்விட்டால் அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது? பிரெஞ்சு ஜெனரல் தக்னான் வந்தார், காரை மறித்தார்கள், உண்மைதான். கவனிப்பதாக வாக்குக் கொடுத்தார், வழிவிட்டார்கள். அவர் மேல் ஒரு கீறல் விழவில்லை.

டிசம்பர் 1, விடியற்காலை. அந்த வாக்குக்குப் பதிலாக வந்தது ஒரு டாங்கி, கவச வண்டிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர். முகாமைச் சுற்றி வளைத்து, எல்லோரையும் திடலில் கூட்டி, சில மணி நேரம் கழித்துச் சுட்டார்கள். இடையில் முழுதாக இரண்டு நாள் இருந்தது. யோசித்து, மேலிடத்தில் ஒப்புதல் வாங்கி, படை திரட்டிக்கொண்டு வந்து செய்த காரியத்தைக் கோபத்தில் நடந்தது என்று சொல்ல முடியாது. சண்டை என்றால் இரண்டு பக்கமும் சாவு இருக்கும். ராணுவத்தின் சொந்த அறிக்கைப்படியே சுட்ட தரப்பில் ஒருவரும் சாகவில்லை.

செத்தவர்கள் எத்தனை பேர்? ஒரு ராணுவ அறிக்கை 35 என்கிறது, இன்னொன்று 70 என்கிறது. வரலாற்றாய்வாளர் அர்மெல் மாபோன் கணக்கு முந்நூறைத் தாண்டுகிறது. கப்பலில் வந்தவர்களில் சுமார் நானூறு பேர் காசாபிளாங்காவிலேயே தங்கிவிட்டார்கள் என்று அதிகாரிகள் எழுதிவைத்திருப்பதை அவர் ஏற்கவில்லை. ஏறிய தொகையையும் முகாமில் இருந்ததாகச் சொல்லும் தொகையையும் ஒப்பிட்டு, விடுபட்டவர்கள் எங்கே என்று கேட்கிறார். நான் அந்தக் கேள்வியின் பக்கம் நிற்கிறேன். ஊர் திரும்பும் வீரர்களின் பெயர்ப்பட்டியல்கூட ஒழுங்காக வெளியே வராத விஷயத்தில், குறைந்த எண்ணைச் சொல்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

சுட்டதோடு நிற்கவும் இல்லை. உயிரோடு மிஞ்சியவர்களில் 34 பேர் மீது கலக வழக்குப் போட்டு, 1945 மார்ச்சில் பத்து வருஷம் வரை சிறைத் தண்டனை கொடுத்தார்கள். 1947-இல் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்கள். ஆனால் பொதுமன்னிப்பு தண்டனையைத்தான் நீக்கும், குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கும். அவர்களில் ஒருவரின் மகன் மறுவிசாரணை கேட்டுப் போன மனுவை 2015-இல் பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. நீங்கள் எழுதியிருக்கும் ‘கலகம்’ அந்தத் தீர்ப்பிலிருந்து வந்தது. தீர்ப்பு சொன்னது சுட்ட ராணுவத்தின் நீதிமன்றம்.

கிளறுவது எதற்கு என்கிறீர்கள். 2014-இல் தியாரோய் வந்த பிரெஞ்சு ஜனாதிபதி ஒலாந்துக்கே, பிணங்கள் எங்கே புதைக்கப்பட்டன என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2024 ஜூலையில் ஆறு பேரை மட்டும் ‘பிரான்ஸுக்காக உயிர் நீத்தவர்கள்’ என்று அறிவித்தார்கள். அந்த ஆறில் ஒருவர், முதலில் பிரெஞ்சு ஆவணத்தில் படையை விட்டு ஓடிப்போனவராக இருந்தவர். அவருடைய மகன் சிறுவயதில் தகப்பனை இழந்து, முதுமை வரை கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அதே ஆண்டு நவம்பரில் செனகல் ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தில் ‘படுகொலை’ என்று ஒப்புக்கொண்டவர் பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன். நான் புதிதாகச் சூட்டிய பெயர் இல்லை அது. 2025-இல்தான் தியாரோய் ராணுவக் கல்லறையைச் செனகல் அரசு தோண்டிப் பார்க்கத் தொடங்கியது. எண்பது வருஷம் ஆனதற்கு, கேட்டவர்கள் காரணம் அல்ல. அந்த முக்கால் பங்குச் சம்பளம் இன்னும் அந்தக் குடும்பங்களுக்குப் போய்ச் சேரவில்லை.