குளிர்காலத்தில் பிள்ளைகளோடு வெளியே: கேட்டவையும் சொன்னவையும்

பனிமனிதன் செய்யப் போனோம். பனி மாவு மாதிரி உதிர்ந்துகொண்டே இருந்தது. மகள் அழுதுவிட்டாள். எங்கே தப்பு, அக்கா?

தப்பு உங்களுடையது இல்லை. கடுங்குளிரில் விழும் பனி காய்ந்திருக்கும், ஒட்டாது. வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இருக்கும்போதுதான் அதில் கொஞ்சம் ஈரம் இருக்கும். ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். உருண்டை நின்றால் வேலையைத் தொடங்கலாம்.

உதிரும் நாளை வீணாக்க வேண்டாம். பனிச்செதில் பார்க்க அதுதான் நல்ல நாள். கறுப்புத் துணி ஒன்றை அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். சூடான துணியில் விழுந்தால் செதில் அப்போதே கரைந்துவிடும். அப்புறம் லென்ஸை மகளிடம் கொடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு குனியச் சொல்லுங்கள். ஆறு முனைகள் தெரியும், ஏனென்றால் உறையும்போது நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்கின்றன. இதை ஒருமுறை பார்த்த பிள்ளை, காகிதத்தில் எட்டு முனை வைத்து வெட்டிய செதிலைக் கண்டால் உடனே தப்பு சொல்லும். நான் மாட்டியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் பனியே விழாது. வெறும் குளிர்தான்.

சீக்கிரம் இருட்டிவிடுகிறதே, அதைப் பயன்படுத்துங்கள். வட அரைக்கோளத்தில் இருந்தால் ஜனவரி மாலையில் கிழக்குப் பக்கம் ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்களைத் தேடுங்கள். அது ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடைவார். அதற்கு ஒரு பக்கம் சிவப்பாகத் திருவாதிரை, மறுபக்கம் நீலவெள்ளையாக ரைஜல். எது சிவப்பு என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

காலையில் எழுந்தால் சிலந்தி வலையில் பனித்துளி இருக்கும், அதையும் காட்டுங்கள்.

சோப்புக் குமிழி உறையுமாமே?

உறையும். மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே, காற்றே இல்லாத நேரம் வேண்டும். சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரை கரைத்தால் குமிழி சற்றுத் தாங்கும். பறக்கவிடாமல் பனிமேல் மெல்ல இறக்கி வையுங்கள். இறகு இறகாக வெள்ளைக் கோலம் படரும். பாதிக்கு மேல் உடையும்தான். பிள்ளைகளுக்கு அதுவும் வேடிக்கை.

குளிரில் விளையாடினால் சளி பிடிக்காதா? எவ்வளவு நேரம் விடலாம்?

சளிக்குக் காரணம் வைரஸ். நான் பயப்படுவது ஈரத்துக்குத்தான். உள்ளே பருத்தி போடாதீர்கள், வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். கம்பளி நல்லது. சின்ன உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும், அதனால் கடிகாரத்தைவிடக் கையைப் பாருங்கள். விரல் வெளுத்து மரத்துப்போனால் உடனே உள்ளே. தேய்க்கவே கூடாது, அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள். இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சும்போதே கூட்டி வந்துவிட்டால் நாளைக்கும் ஆசையாக வரும்.

உறைந்த குளத்தில் சறுக்கலாமா?

வேண்டாம். ஒரே குளத்தில் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருக்கும். மேலே பனி மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. சறுக்கு மைதானம் போங்கள், தலைக்கவசத்தோடு.

இரண்டு வயதுப் பையன் கையுறையைக் கழற்றி எறிகிறான்.

உங்கள் நீளக் காலுறையை எடுத்து அவன் கையில் முழங்கை வரை ஏற்றிவிட்டு, அதன்மேல் ஸ்வெட்டரைப் போடுங்கள். எங்கே தொடங்குகிறது என்று தேடுவதற்குள் பனி கண்ணில் பட்டுவிடும்.